எந்தப் பச்சடி

பச்சடி என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தமிழுக்குப் பாதி, தெலுங்குக்குப் பாதி என்று பங்கு போட்டுக் கொடுத்தவர் யாரோ, என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன். தமிழ்நாட்டுப் பக்கம் பச்சடி என்றால் வெள்ளரியையோ வெங்காயத்தையோ பொடியாக நறுக்கித் தயிரில் போடுவது. ஆந்திர எல்லைக்குள் இருக்கிற எங்கள் நகரியில், தமிழ் பேசுகிற வீடுகளிலும்கூட, பச்சடி என்றால் தெலுங்குப் பச்சடிதான். காயையோ கீரையையோ எண்ணெயில் வதக்கி, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, கை கொள்ளாத கல்லுப்பு எல்லாம் சேர்த்துக் கல்லுரலில் நசுக்கி எடுப்பது. சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றி அதைப் பிசைந்துகொண்டால் வேறு குழம்பு வேண்டாம். தயிரில் போடுகிற அந்த இன்னொன்றுக்கு எங்கள் வீடுகளில் பெயர்கூடக் கிடையாது. கல்யாணப் பந்தியில் பிரியாணியோடு வந்தால் தயிர் வெங்காயம் என்போம், அவ்வளவுதான்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். ஒரு சொல் பல பொருள் என்று பாடம் நடத்துகிறவள். பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லும்போது ஆறு, மாலை, திங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பச்சடியைச் சொல்வதில்லை. சொன்னால் என் குரல் மாறிவிடும், பிள்ளைகள் பயந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நாலைந்து பவர்லூம் தறி. தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியதால் வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார். உப்புப் பிரியர். சோறு விழும் முன்னால் தட்டின் ஓரத்தில் உப்பு விழ வேண்டும். மோருக்கு உப்பு, கொய்யாவுக்கு உப்பு, தர்பூசணிக்குக்கூட உப்பு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் வைத்த குழம்பை ஒரு வாய் பார்த்துவிட்டு, "நானு சோத்துல உப்பு போட்டுத் துன்றவன் டீச்சரு, ரோஷம் இருக்கிறவன்" என்றார். யாரையாவது வைய வேண்டுமானால் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இந்தக் குடும்பத்தில் அந்த வசவைச் சமையல் குறிப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு குறைந்தால் ரோஷம் குறைந்துவிடும் என்று ஆண், பெண் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. நான் அதைக் கேலி செய்துகொண்டே எத்தனையோ வருஷம் ஓட்டினேன்.

ஒருநாள் தறியில் அறுந்த நூலை முடியக் குனிந்தவர் நிமிரும்போது தலை சுற்றி, தறியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, திருப்பதிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார். ரத்தக்கொதிப்பு. இப்படியே விட்டால் ஒருநாள் கையையோ காலையோ இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. இந்த மனிதரை முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான்.

ஆனால் அந்த வாரம்தான் எனக்குச் சித்தூரில் ஸ்பாட். பத்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களை ஒரே இடத்தில் உட்கார்ந்து திருத்துகிற வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. தமிழ் மீடியம் தாள் திருத்த ஆளே குறைவு, லீவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால் இவரைத் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு போனது இவருடைய அக்கா, என் நாத்தனார். அடுத்த தெருவில் இருக்கிறாள். இவர்களுடைய அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

சாயங்காலம் நான் சித்தூரிலிருந்து வந்து இறங்கும்போது இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"டாக்டரு தங்கமான புள்ளம்மா" என்றாள் நாத்தனார். "மெட்ராசுல படிச்சவராம். நாம தமிழுன்னு தெரிஞ்சதும் தமிழ்லயே பேசினாரு. மாத்திரை எழுதிக் குடுத்துகீறாரு. ஆனா அத்த வுட காயிதான் முக்கியம்னுட்டாரு. முள்ளங்கி, பீட்ரூட்டு, வெள்ளரிக்கா, கீரை. இதெல்லாம் தெனம் பச்சடியா செஞ்சி குடுங்கம்மா, எத்தினி வேணா சாப்புடட்டும்னாரு."

"பச்சடியாவா?" என்றேன்.

"பச்சடியாதான். அவரு வாயால சொன்னத என் ரெண்டு காதால கேட்டுகினு வந்துகீறேன்."

"உப்பப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா அண்ணி?"

"ஏன் சொல்லல? ஊறுகா கூடாது, அப்பளம் கூடாது, கருவாடு கூடாது, கொழம்புல உப்பக் கொறைக்கணும், எல்லாம் சொன்னாரு. பச்சடிய மட்டும் கொறைக்கச் சொல்லல."

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மெட்ராசில் படித்த பையன் மெட்ராஸ் பச்சடியைச் சொல்லியிருக்கிறான். இவர்கள் நகரிப் பச்சடியைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் எடுத்துச் சொன்னேன். பச்சையாக நறுக்கித் தயிரில் போடுவதைத்தான் தமிழில் பச்சடி என்பார்கள், டாக்டர் சொன்னது அதைத்தான், உரலில் நசுக்குவதை இல்லை என்று கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொன்னேன்.

இவர் அக்காவைப் பார்த்தார், அக்கா இவரைப் பார்த்தாள்.

"பாருக்கா, டீச்சரு நமக்கே தமிழ் சொல்லிக் குடுக்கறா" என்றார். இரண்டு பேரும் மறுபடியும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பித்தது. பலமனேர் பக்கமிருந்து காய்கறி வண்டி வரும் நாளில் நாத்தனார் முதல் ஆளாகப் போய் நிற்பாள். முள்ளங்கி வெள்ளை வெளேரென்று இளசாகப் பொறுக்கிக்கொண்டு வருவாள். பீட்ரூட்டை நகத்தால் கீறிப் பார்த்து வாங்குவாள். கோங்குரா என்கிற புளிச்சக்கீரையைத் தெருவே மணக்க வதக்குவாள். முள்ளங்கிப் பச்சடி, பீட்ரூட் பச்சடி, தோசக்காய் என்கிற வெள்ளரிப் பச்சடி, கீரைப் பச்சடி. டாக்டர் சொன்ன காயில் ஒன்றைக்கூட விடவில்லை. எந்தக் காயும் தப்பான காய் இல்லை. எல்லாக் காயும் அவளுடைய உரலுக்குள் போய்க் கல்லுப்போடு நசுங்கிச் சிவப்பாக வெளியே வந்தன. எவர்சில்வர் டப்பாவில் போட்டு முந்தானையால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசற்படி ஏறுவாள். "மருந்து வந்துடுச்சி" என்று இவர் கொட்டகையிலிருந்தே கத்துவார்.

முன்பெல்லாம் பச்சடி என்றைக்காவது ஒருநாள்தான். இப்போது இரண்டு வேளையும் அதுதான். தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "நானு இப்ப வெறும் காய்கறிதாம்பா, மட்டன் வுட்டுட்டேன், கருவாடு வுட்டுட்டேன்" என்று பெருமை வேறு. கேட்கிறவர்களும் பாவம், இந்த வயதில் எவ்வளவு கட்டுப்பாடு என்று மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சல் தாங்காது. நான் உப்பில்லாமல் சுரைக்காய் வைத்தால், "இன்னா இது, ஆஸ்பத்திரி சோறு" என்று தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு டப்பாவைத் திறப்பார். ஒருநாள் டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "டாக்டரு சொன்னத துன்ன வுடமாட்டேன்ற. நானு செத்தா ஒனக்கு நிம்மதியா?" என்றார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை திருப்பதிக்கு நானே அழைத்துக்கொண்டு போனேன். புத்தூர் வழியாகப் பஸ். வழியெல்லாம் இவர் உற்சாகமாகத்தான் இருந்தார். டாக்டர் உண்மையிலேயே நல்ல பையன். கல்யாணம்கூட ஆகியிருக்காது. பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"குறையவே இல்லையே. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடறேன் சார்."

"காய்கறி?"

"தெனம் சார். முள்ளங்கி, பீட்ரூட்டு, வெள்ளரிக்கா, கீரை. நீங்க சொன்ன மாதிரியே பச்சடி சார்."

"வெரி குட். அதை விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். பேனாவை எடுத்து மாத்திரையின் அளவைக் கூட்டி எழுத ஆரம்பித்தார். பரீட்சையில் கேள்வியும் சரி, விடையும் சரி, மார்க்கும் போட்டாயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், எந்தப் பச்சடின்னு கேளுங்க."

அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் பச்சடி என்றால் ரோலில் நசுக்குவது என்று சொன்னேன். உரலுக்குத் தெலுங்கில் ரோலு என்பார்கள். பேனா நின்றுவிட்டது. டாக்டர் இவரைத் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

"ரோட்டி பச்சடா?"

உரலில் இடித்த பச்சடியா என்று. இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு, முழுக்கத் தெலுங்கிலேயே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். பச்சையாக நறுக்க வேண்டும், தயிரில் போட வேண்டும், ரோலுப் பக்கமே போகக் கூடாது. "உப்பு லேகுண்டா" என்றார். உப்பு இல்லாமல். புரிந்ததா என்று, "அர்த்தமாயிந்தா?"

"அர்த்தமாயிந்தி சார்" என்றார் இவர்.

நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திகைப்பு இல்லை. இத்தனை நாள் தப்பாகத் தின்றுவிட்டோமே என்ற பயம் இல்லை. காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன்களின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே முகம். முதல் நாள் நான் சொன்னபோதே இவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. புரியாத மாதிரி சிரித்துவிட்டு, டாக்டர் பேரைச் சொல்லி ஆசைதீரத் தின்றிருக்கிறார். அக்காவுக்காவது காது ஏமாற்றியது. இவருக்கு நாக்கு.

எழுந்து வரும்போது டாக்டர் என்னிடம், "தமிழ்க்காரங்கன்னு ஆசையா தமிழ்ல பேசினேம்மா. தெலுங்குலயே சொல்லியிருக்கணும்" என்றார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை வைத்துக்கொள்ள எனக்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். புத்தூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"அக்காகிட்ட இத்த சொல்லிகினு இருக்காத."

"ஏன்?"

"மனசு ஒடஞ்சி பூடும் அதுக்கு. எனக்காவ எத்தினி நாளா கைநோவ இடிச்சிகினு கீது."

"அப்ப என்ன பண்றதா உத்தேசம்? அக்கா மனசு உடையக் கூடாதுன்னு தின்னுகிட்டே இருக்கறதா?"

இவருக்கு அக்காவின் மனசு தெரிகிறது. ராத்திரி தூக்கத்தில் இவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேனே, அந்த மனசு தெரியவில்லை. அதை அங்கேயே கேட்டும்விட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மறைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். உரலின் முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்குவமாகத்தான் சொன்னேன். உங்கள்மேல் தப்பில்லை அண்ணி, அந்தச் சொல்லால் வந்த குழப்பம், டாக்டரே தெலுங்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார், இனிமேல் வேண்டாம் என்றேன். அவள் பூண்டை முறத்தில் போட்டாள்.

"அப்ப எந்தம்பிக்கு நானு வெஷமா வெச்சேன்?"

"விஷம்னு நான் சொல்லல அண்ணி."

"வேற இன்னா சொன்ன? தூக்கி வளத்தவ நானு. அவனுக்கு இன்னா ஒத்துக்கும் இன்னா ஒத்துக்காதுன்னு நேத்து வந்த நீ எனக்குச் சொல்லிக் குடுக்கற."

எனக்குக் கல்யாணமாகி, எங்கள் பெண்ணே வளர்ந்து வெளியூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் நேற்று வந்தவள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழ, அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். விஷம் என்ற சொல்லைச் சொன்னவள் அவள். சாயங்காலத்துக்குள் அது நான் சொன்னதாகத் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றோடு டப்பா வருவது நின்றது. அவள் வருவதும் நின்றது.

அதன் பிறகு இவர் மாறிப்போனார். நான் வைத்ததைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார். வெள்ளரியை நறுக்கித் தயிரில் போட்டுக் கொடுத்தால் கிண்ணத்தை வழித்துவிட்டுக் கொடுத்தார். முள்ளங்கியைத் துருவி எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தேன், சாப்பிட்டார். பீட்ரூட்டைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கினேன், சாப்பிட்டார். தண்டுக்கீரை, சுரைக்காய், பூசணிக்காய், எதிலும் உப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பும் இல்லை. தட்டின் ஓரத்தில் உப்பு கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. அவர் மட்டும் சப்பென்று சாப்பிட நான் உப்புப் போட்டுச் சாப்பிட்டால் நன்றாக இருக்காது என்று நானும் அதையேதான் சாப்பிட்டேன். முதலில் வாயெல்லாம் வைக்கோலாக இருந்தது. போகப்போக முள்ளங்கிக்கு முள்ளங்கி ருசி, வெள்ளரிக்கு வெள்ளரி ருசி என்று நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் எங்கள் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசிப் பீற்றிக்கொண்டேன்.

கொதிப்பு மட்டும் குறையவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார். வெயில் அதிகம் என்றேன். தறியில் ஆர்டர் இல்லாத கவலை என்றேன். இவருக்காக நானே காரணம் தேடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை டாக்டர் விளையாட்டாக என் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். "உங்களுது ரொம்ப நல்லா இருக்கு டீச்சர், இப்படியே வெச்சிக்குங்க" என்றார். எனக்கு எந்தக் காலத்திலும் கொதிப்பு இருந்ததில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. போன் வந்தது. நாத்தனார். எத்தனையோ மாதமாகப் பேசாதவள். "ஓடியாம்மா, ஓடியா" என்று மட்டும் கத்தினாள். எங்கே என்று கேட்டேன். "எங்கூட்டுக்கு" என்றாள். இவர் கொட்டகையில் இருப்பதாக அல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் போகும்போதும் அந்த ஒரு கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவர் ஏன் அங்கே இருக்கிறார்?

அவள் வீட்டுக் கூடத்தில் இவர் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. அக்கா மடியில் தலை. முன்னால் தட்டு. சுடுசோறு, எண்ணெய், சிவப்பாகக் கோங்குராப் பச்சடி. வலது கை தட்டுக்குள்ளேயே கிடந்தது, பிசைந்த சோறு விரலில் ஒட்டியபடி. அந்தத் தட்டை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இவர் சாப்பிட்ட தட்டு, எப்போதோ காணாமல் போய்விட்டது என்று சொன்ன தட்டு. பக்கத்தில் இவருக்கென்று ஒரு பலகை, ஒரு சொம்பு, எண்ணெய்க் கிண்ணம். ஒருநாள் வந்து சாப்பிட்டவருக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

"இன்னிக்கி மட்டுந்தாம்மா" என்றாள் நாத்தனார் என் முகத்தைப் பார்க்காமல்.

நான் குனிந்து அந்தக் கையைத் தட்டிலிருந்து எடுத்தேன். முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். கை என் கையில் கனத்தது, திருப்பிப் பிடிக்கவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது எங்கள் தறியில் வேலை செய்கிற ஆள் வந்தார். என் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார். "நீங்க ஸ்கூலுக்குப் போனதும் தெனம் அங்க போய்த்தான் துன்னுட்டு வருவாரு டீச்சர். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். தெனம். நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்ட நாள் எல்லாம். என் கிண்ணத்தை வழித்துக் கொடுத்த நாள் எல்லாம். அங்கே வயிறு முட்டப் போய் வருகிறவருக்கு என் சப்பைச் சாப்பாட்டை அனுசரித்துக்கொள்வது என்ன கஷ்டம்? டாக்டர் சொன்ன பத்தியத்தை ஒருநாள் தவறாமல் கடைப்பிடித்தது இந்த வீட்டில் ஒரே ஓர் ஆள். கொதிப்பே இல்லாத நான்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதி வருகிறது, பாதி வாய்க்குள்ளேயே உடைந்துபோகிறது. தறியை வேறு ஆளுக்கு விட்டிருக்கிறோம். கொட்டகைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. காலையில் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்துவிட்டு நான் பள்ளிக்கூடம் போகிறேன். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யார் வருவார்கள்? நாத்தனார்தான் வந்தாள். நான் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்கிற நிலையிலும் நான் இல்லை.

அவள் இப்போது கிண்ணத்தில் கொண்டுவருவது தமிழ்ப் பச்சடி. வெள்ளரியை அவ்வளவு பொடியாக என்னால்கூட நறுக்க முடியாது. தயிரில் போட்டு, மல்லித்தழை கிள்ளிப் போட்டு எடுத்துவருவாள். நான் வீட்டில் இருக்கும் நாளில், அவள் கிண்ணத்தை வைத்ததும் ஒரு விரலால் தொட்டு என் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். அவள் அதைப் பார்ப்பாள். அவளைப் பிடித்து உலுக்கி, ஒரு மனுஷனைப் பச்சடி போட்டுப் படுக்க வைத்தாயே என்று கத்த வேண்டும்போல் இருக்கும். இவரை அதைவிடப் பெரிதாக உலுக்க வேண்டும்போல் இருக்கும். மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

போன வாரம் ஒருநாள் மதியத்தோடு பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நான் உள்ளே நுழையும்போது நாத்தனார் இவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்து நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். சிரிப்பு. ஒருபக்க உதடு மட்டும் மேலே ஏறிய சிரிப்பு, ஆனாலும் சிரிப்புதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் ஊட்டிய எத்தனையோ கரண்டிகளில் ஒன்றுக்குக்கூட இவர் அப்படிச் சிரித்ததில்லை.

பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கிண்ணத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"இத்தினியூண்டுதாம்மா" என்றாள் நாத்தனார். "பட்டும் படாம. அவன் மொகத்தப் பாரேன், எத்தினி நாளாச்சி சிரிச்சி."

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினேன். திரும்பி வருவதற்குள் பின்னால் ஒரு சத்தம். இவர் இடது கையால் தட்டைத் தட்டிவிட்டிருந்தார். சோறு கூடமெல்லாம் இறைந்து கிடந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். வார்த்தை புரியவில்லை. தறிக் கொட்டகையில் கத்துகிற அதே கத்தல் என்பது மட்டும் புரிந்தது.

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தியா? பாத்தியா? ரோஷம் பூடல எந்தம்பிக்கு" என்றாள்.

"உப்பில்லாமதானே இத்தன மாசமா சாப்பிடறாரு அண்ணி" என்றேன். "அப்புறம் ரோஷம் எங்கேருந்து வந்தது?"

இவர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார்.

நான் சோற்றை வாரி எடுத்துவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நறுக்கினேன். தயிர் ஊற்றிக் கலந்து எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டார். கண்ணை என் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கும் நெடுநாளாக உப்பில்லாத சாப்பாடுதான். கரண்டியை இறக்காமல், நானும் கண்ணை எடுக்காமல், நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.